வேட்டை உண்டையும் ஹலால் இறைச்சியும்

 

புக்கிட் பெருந்துங்கைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்கு அப்பால் காட்டோரம். ஆகவே நம்மவர் கடைகளில் வேட்டைப் பேச்சு அடிபடுவது புதிதல்ல. அண்மையில் ஒரு வாலிபர் வந்து உட்கார்ந்து, “காக்கா, பெரிய குழல் காற்றுத் துப்பாக்கி ஒன்று எடுக்கலாமென்று இருக்கிறேன். சருகுமானுக்கு எந்த உண்டை ஏற்றது?” என்று கேட்டார். கிடைக்கும் இறைச்சியை நம் சாப்பாட்டுக் கடைக்கே தருவதாகவும் சொன்னார். விலையும் மலிவுதான். நாமும் ஒரு கணம் சபலப்பட்டோம் என்பதை மறைப்பானேன்?

முதலில் சர்க்கார் விஷயம். இந்நாட்டின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே கணக்கிடுகிறது. லைசென்ஸ் இன்றி வைத்திருப்பது குற்றம். சருகுமானோ 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணி. இவ்விரண்டையும் தாண்டாமல் உண்டையைப் பற்றிப் பேசுவதே வீண். வாலிபரிடம் அதைச் சொன்னோம். “எல்லாம் முறைப்படி செய்கிறேன், உண்டையைச் சொல்லுங்கள்” என்றார். சரி, சொல்லுவோம்.

காற்றின் விசையால் எய்வது நேற்று வந்த வித்தையல்ல. இந்நாட்டு ஓராங் அஸ்லி மக்கள் மூங்கில் குழலில் நஞ்சு தோய்த்த முள்ளை வைத்து ஊதி வேட்டையாடியவர்கள். ஆஸ்திரியப் படையினர் 1780 முதற்கொண்டு ஜிரண்டோனி என்னும் காற்றுத் துப்பாக்கியை ஏந்தினர். விளையாட்டுக்கு வாங்கும் துப்பாக்கியின் குழல் 4.5 மில்லிமீட்டர், அதன் ஈய ரவை அரை கிராம். வேட்டைக்குரிய பெரிய குழல்களோ 9 மில்லிமீட்டர், 11.4, 12.7 என்று போகும். அரை கிராம் ரவை விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் விசை சுமார் 16 ஜூல். 13 கிராம் உண்டை 200 மீட்டர் வேகத்தில் சென்றாலே 260 ஜூல். எடைக்கல்லோடு பழகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

இடை சிறுத்த ரவை காற்றில் நேராகப் பறக்கும். ஆனால் விசையைச் சீக்கிரம் இழந்துவிடும். நீண்ட ஸ்லக் உண்டை விசையைக் காத்துக்கொள்ளும். ஆனால் குழலின் அளவுக்கும் உட்புரிக்கும் பொருந்தாவிட்டால் குறி தவறும். முனையில் குழி வைத்தது உடலுக்குள் விரியும். ஆனால் வேகம் குறைந்தால் விரியாமற் போகலாம். காற்றுத் துப்பாக்கி உண்டை பெரும்பாலும் ஒலியின் வேகத்தை எட்டாதாகையால், துளையிட்டு இரத்தம் வடியச் செய்தே கொல்லும். ஆகவே குழலுக்குப் பொருந்திய, கனமான, குழியில்லாத உண்டை. குறி இருதயமும் நுரையீரலும். வேட்டைக்காரர் சொல்லும் விடை இதுதான்.

மார்க்கத்தின் விடை வேறிடத்தில் தொடங்குகிறது. அடிபட்டுச் செத்ததை அல்லாஹுத் தஆலா அல்மாயிதா சூராவின் மூன்றாம் ஆயத்தில் ஹராமாக்கியிருக்கிறான். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மிஃராள் என்னும் எறிகோலைப் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை பாய்ந்து கொன்றால் உண்ணலாம், அகலப் பக்கம் அடித்துக் கொன்றால் உண்ணலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்த்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. கூரா, மொத்தையா என்பதே அங்கே கேள்வி. பலம் எவ்வளவு என்பதல்ல.

நம்முள் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், உருண்டையான களிமண் குண்டால் செத்த வேட்டையை ஹராம் என்று வைத்தார்கள். ஈயக் குண்டு பிற்காலத்தில் வந்தது. அதனால் செத்தது கூடாது என்றே ஹனஃபீ மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதினார்கள்: அது வெட்டுவதில்லை, விசையாலும் கனத்தாலும் உடைக்கிறது என்பது அவர்கள் நியாயம். அதே காலத்தில் யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்) அவர்களோ, ஈயக் குண்டு ஊடுருவிப் பாய்கிறதே, ஆகவே கூடும் என்றார்கள். இரு பக்கமும் பெரியோர். ஆனால் நம் மத்ஹபின்படி நடப்பவருக்கு, எந்த ஈய உண்டையும் பிராணியை வீழ்த்தும் கருவி மாத்திரமே. ஹலாலாக்குவது கத்தி.

இங்கேதான் சிக்கல். பிராணியிடம் நிலையான உயிர் இருக்கும்போதே ஓடிப் போய் அறுத்தாக வேண்டும். வேட்டைக்காரர் தேடும் நல்ல உண்டையோ அந்த உயிரை விட்டுவைப்பதில்லை. அப்படியானால் பலங் குறைந்த உண்டையால் காயப்படுத்திப் பிடிக்கலாமா? கூடாது. கொல்வதையும் அழகாகச் செய்யுங்கள், கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்பது நபிமொழி. கல்லைச் சுண்டி எறிவதையும் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் சாய்க்காது, பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அதன் காரணம். விசை போதாத ரவைக்கும் அது அப்படியே பொருந்துகிறதல்லவா?

ஒரு வழி உண்டு. இக்காலத்தில் காற்றின் விசையால் அம்பு எய்யும் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. 2016-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் என்ற பெயரில் ஒன்று கடைக்கு வந்தது. அம்பின் தலையில் சவரக் கத்தி போன்ற அலகுகளைப் பூட்டலாம். அது வெட்டிக் கொல்கிறது. பிஸ்மி சொல்லி எய்து, அந்த வெட்டால் பிராணி செத்தால், மிஃராளின் கூர்முனைக்குள்ள சட்டமே இதற்கும் என்று எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் நாம் முஃப்தி அல்லோம்; ஆலிம்களிடம் கேட்டே நடக்க வேண்டும். பிஸ்மி நம் மத்ஹபில் சுன்னத். ஹனஃபீகளிடத்தில் வேண்டுமென்றே விட்டால் இறைச்சி ஹராம். இருசாராருக்கும் உணவு பரிமாறுகிற கடைக்காரருக்கு அது சின்ன விஷயமல்ல.

ஈயத்தைப் பற்றி இன்னொரு சொல். உண்டை சிதறிய இடத்து இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத துகள் தங்கும். ஈயத்தில் தீங்கற்ற அளவென்று ஒன்றும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈய உண்டையையே தடுத்துவிட்டது. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியாத இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எப்படி?

வாலிபர் முகஞ்சுளிக்காமல் கேட்டார். “அப்போ அறுத்ததை நீங்கள் கண்ணால் பார்க்காமல் வாங்க மாட்டீர்களா, காக்கா?” என்றார். மாட்டோம் என்றோம். அறுத்தவர் யார், எப்போது அறுத்தார், அப்போது பிராணிக்கு உயிர் இருந்ததா, லைசென்ஸ் எங்கே என்ற நான்கு கேள்விக்கும் விடையில்லாத பொட்டலம் நம் குளிர்ப்பெட்டிக்குள் வராது. அவர் தேநீரைக் குடித்துவிட்டு, லைசென்ஸ் விவரம் கேட்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லி எழுந்தார். அன்று மதியச் சமையலுக்கு வழக்கமான ஆட்டிறைச்சியையே வாங்கி வந்தோம்.