ஆழமும் அணியும்

ஒரு பொருளைத் தெரிந்தெடுக்கும் மனிதன் அப்பொருளின் தகுதியோடு தன் தகுதியையும் புலப்படுத்துகின்றான். தேவையானதைக் கொள்வதில் அறச்சிக்கல் அதிகமில்லை. தேவையைக் கடந்த ஒன்றை விரும்பும்போதே அது தனக்குத் தகுமா என்ற வினா எழுகின்றது. சுழியோடிகளுக்கென ஆக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் தரையில் நடமாடுவோரால் அணியப்படும் விலையுயர்ந்த டைட்டேனியக் கைக்கடிகாரம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். மூச்சையே முதலாகக் கொண்டு கடலடியில் உழைத்தோரின் வரலாற்றையுடைய மன்னார்க் கரையிலிருந்து நோக்கும்போது அவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

பாலாவிக் கரையில் விளங்கும் திருக்கேதீஸ்வரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மாதோட்டம் என்னும் பழந்துறைமுகத்தின் கோயில். அதற்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பவன் கல்லொன்றிற் காலை ஊன்றிக் கயிற்றைப் பற்றியவாறு ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் சிப்பிகளைக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் இழுப்பான். காலத்தை அளந்தவை அவனது நெஞ்சும் மேலே கயிறு பிடித்தவனின் விழிப்புமே. 1906இல் மரிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் காலத்தில், எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே குளித்தவர்க்கு உரியது. எஞ்சிய இரு பங்கும் அரசுக்குச் சென்றன. 1925ஆம் ஆண்டுக்குப் பின்னர் அத்தொழில் பழைய பெருக்கினை எய்தவில்லை.

காற்றுக் கலன்களுடன் மனிதன் நெடுநேரம் நீருள் தங்கக் கற்றபோது, காலத்தை நெஞ்சாலன்றிக் கருவியால் அளக்கவேண்டியதாயிற்று. 1953இல் பிளாங்பான் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படைச் சுழியோடிகளின் தேவையையொட்டி ஆக்கிய கடிகாரத்துக்கு இட்ட பெயரின் பொருள் ‘ஐம்பது பாகம்’ என்பதாகும். ஏறத்தாழ 91 மீற்றர். மன்னார்க் கடற்றொழிலாளர் கயிற்றால் அளந்த அதே பாகக் கணக்கு அங்கும் பெயராயிற்று. இத்தகைய கடிகாரத்தின் உயிர்நாடி அதன் முகப்பைச் சூழ்ந்த வளையம். இறங்கும் கணத்தில் அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால் கழிந்த நேரம் தெரியும். அவ்வளையம் ஒரு திசையிலேயே சுழலும். தற்செயலாக இடிபட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. தவறினாலும் உயிரின் பக்கமே தவறும்படி அமைத்தமை இதன் சிறப்பு.

டைட்டேனியம் இதற்குச் சேர்ப்பது யாது? அதன் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ அறுபது வீதம். உவர்நீர் அதனை அரிப்பதில்லை. 1975இல் சீக்கோ நிறுவனம் 600 மீற்றருக்கு ஏற்ற டைட்டேனியக் கடிகாரத்தை வெளியிட்டது. 2022இல் ரோலெக்ஸ் நிறுவனத்தின் கடிகாரம் 11,000 மீற்றரைத் தொட்டது. எந்தச் சுழியோடியும் நீந்திச் செல்லவியலாத ஆழம் அது. குறைந்த விலையிற் கிடைக்கும் 200 மீற்றர்த் தரமுள்ள உருக்குக் கடிகாரத்திலும் அதே ஒருதிசை வளையம் உண்டு. இன்று கணக்கிடுங் கருவிகளே சுழியோடிகளின் முதற்றுணை. ஆகவே மிகை விலை வாங்குவது பாதுகாப்பையன்று. இலேசையும் நேர்த்தியையும் பெயரையுமே.

அங்ஙனமாயின் அத்தகைய தெரிவு பிழையா? பிழையென்று ஒரே வீச்சில் தள்ளுவோர் முத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முத்து எவருடைய பசியையும் ஆற்றியதில்லை. அது முற்றிலும் அணி. ஆயினும் அவ்வணியை விரும்பியவர் இருந்தமையாலேயே இக்கரையிற் பல குடும்பங்கள் உண்டன. அழகை நாடுதல் மனித இயல்பு; அதனைக் குற்றமாக்குவது அறமன்று. குற்றம் வேறிடத்தில் உள்ளது. அணியைத் தேவையென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது ஒன்று. அதன் பின்னுள்ள உழைப்பையும் நிலத்தையும் அறிய மறுப்பது மற்றொன்று. கடலுக்குள் இறங்காதவன் இக்கடிகாரத்தை அணிவதாற் பொய்யனாகிவிடுவதில்லை. பிறர் ஏற்ற இடரின் பெருமையைத் தனதாகக் காட்டிக்கொள்ளும்போதே பொய் தொடங்குகின்றது.

நிலத்தைப் பற்றிய வினா மன்னாருக்கு அயலானதன்று. டைட்டேனியத்தின் தாதுக்களுள் ஒன்றாகிய இல்மனைட் புல்மோட்டை மணலிலிருந்து நெடுங்காலமாக எடுக்கப்படுகின்றது. மன்னார்த் தீவின் மணலிலும் அது உள்ளது. அதனை அகழும் முயற்சியை அண்மைய ஆண்டுகளில் தீவு மக்கள் எதிர்த்துள்ளனர். தாழ்ந்த தீவில் மணல் போனால் உவர்நீர் புகுந்து கிணறுகள் கெடுமென்பது அவர்களின் அச்சம். உலகில் எடுக்கப்படும் இத்தாதுவின் பெரும்பகுதி வெண்ணிறப் பூச்சுக்களுக்கே செல்கின்றது, உலோகமாவது சிறுபகுதி. எனவே பழி முழுவதையும் கடிகாரத்தின்மேற் சுமத்துதல் நீதியன்று. சுவருக்கு வெள்ளையடிப்பவனும் இக்கணக்கிற் பங்காளியே.

திருக்குறள் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரத்தை வகுத்தது. ஆளைத் தெரிவதற்குக் கூறிய அம்முறை பொருளைத் தெரிவதற்கும் பொருந்தும். ஆராய்ந்து கொண்டவன் அடிக்கடி மாற்றான். ஒன்றை நெடுங்காலம் பேணுவான். தான் உலகிலிருந்து எடுத்துக்கொண்டதைக் கணக்கிடும்போது அவன் அக்கடிகார வளையத்தையே பின்பற்றலாம்: கணக்குத் தவறினும் எடுத்ததைக் கூட்டிக் காட்டுவதன்றிக் குறைத்துக் காட்டாமை. அந்நேர்மை உடையவன் கையில் உருக்கும் தகும்; டைட்டேனியமும் தகும்.