அடியில் தங்கிய பருப்பு

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் மாமிசத்தைத் தொட்டதில்லை. இதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையை ஒரு டாக்டர் ஒரே கேள்வியில் தரையில் இறக்கி வைத்துவிட்டார்.

என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்து வாரங்கள் கடந்தும் புண் ஆறவில்லை. போதாக்குறைக்குக் காலில் வீக்கமும் கண்டது. சர்க்கரை இல்லை, வேறு நோய்களையும் தேடிப் பார்த்தார்கள், இல்லை. கடைசியில் டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நாங்கள் சுத்த சைவம், டாக்டர்" என்றாள் அக்கா.

"எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். எதைச் சாப்பிடுகிறீர்கள் என்றல்லவா கேட்டேன்?"

அக்கா விழித்தாள். உண்மையைச் சொன்னால், நானும் விழித்தேன். இருபது வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறேன். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

அன்று இரவு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்பது, ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட கணக்கு. அக்காவின் ஒரு நாளைக் கூட்டிப் பார்த்தேன். கால் கிலோ அரிசியில் 20 கிராம் தேறும். நீர்மோரிலும் கறிகாயிலும் கொஞ்சம். குழம்பில் பருப்பு எவ்வளவு என்று அவளையே கேட்டேன். "எனக்கு மேலாகத் தெளிவு போதும்டா. அடியில் இருப்பதை உங்களுக்கெல்லாம் போட்டுவிடுவேன்" என்றாள், மிகச் சாதாரணமாக. எப்படிக் கூட்டியும் கணக்கு முப்பதைத் தாண்டவில்லை.

அப்படியானால் சைவ உணவு போதாது என்று அர்த்தமா? அல்லவே அல்ல. பருப்பு வகைகளில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையில் நாலில் ஒரு பங்கு. சோயாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவுபடும் வேறொன்றை அரிசி ஈடு செய்கிறது. உளுந்தை அரிசியோடு அரைத்து இட்லி வார்த்தவர்களும், பாசிப்பருப்பைச் சேர்த்துப் பொங்கல் கிளறியவர்களும் இந்தப் பெயர்களை அறியமாட்டார்கள். ஆனால் நல்ல ஜோடி சேர்த்திருக்கிறார்கள். குறை சமையலில் இல்லை, கரண்டியில் இருக்கிறது. பானையின் அடிவரை போய் வரும் கரண்டி யாருடைய இலைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. சுண்டலைக்கூட நவராத்திரிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற நாட்களெல்லாம் சோற்றையும் புளியையும் கொண்டே வயிற்றை நிரப்பிக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் காந்தியடிகளின் நினைவு வருகிறது. 1912-ல் அவர் பால் அருந்துவதில்லை என்று தீர்மானித்தார். 1918-ல் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, உடம்பு தேறாமல் கிடந்தார். பால் இல்லாமல் உடம்பைத் தேற்ற முடியாது என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது மனத்திலிருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கேட்டார் கஸ்தூர்பா. அவர் இணங்கினார். ஆனால் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவரை விடவில்லை. அதைச் சுயசரிதையிலும் மறைக்காமல் எழுதினார்.

அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விரதம் அவருடையது, அதற்கு விலை கொடுத்த உடம்பும் அவருடையது. என் வீட்டிலோ, பெருமை என்னுடையது, உடம்பு அக்காவுடையது. நான் ஆபீஸ் போகும் வழியில் ஹோட்டலில் வடை தின்கிறேன். இரண்டு வேளை கெட்டிப்பாலில் காபி குடிக்கிறேன். என் சைவம் எனக்கு ஒரு நஷ்டமும் வைத்ததில்லை. அந்த நஷ்டம் முழுவதையும், எல்லோரும் எழுந்தபின் சாப்பிட உட்கார்ந்தவள் தாங்கியிருக்கிறாள்.

ஜீவகாருண்யம் பெரிய தர்மம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆட்டின் கண்ணைப் பார்த்து இரங்குகிறவன் நல்லவன்தான். ஆனால் அந்த இரக்கம் ஆட்டோடு நின்று, அடுப்படியில் நிற்பவளிடம் வராமல் போனால் அதற்கு என்ன பெயர் வைப்பது? ஒன்றை விலக்குவது தர்மத்தின் பாதி. விலக்கிய இடத்தை நிரப்புவது மறு பாதி. முதல் பாதியைச் செய்ய நாக்கை அடக்கினால் போதும். மறு பாதிக்குப் பக்கத்து இலையைப் பார்க்கவேண்டும். நாம் முதல் பாதியை மட்டும் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொண்டோம்.

முட்டை சாப்பிடலாமே என்றும் டாக்டர் சொன்னார். அக்கா மாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை, அது அவளுடைய சொல். ஆனால் ஒருவர் சொல்லை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மதிப்பாகாது. ஆகவே ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு பிடி வேர்க்கடலை, இரண்டு வேளை கெட்டித்தயிர், பாசிப்பயறு அடை என்று ஒரு பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கடலை என் தட்டில் இருந்தது!

பட்டியல் போதாது என்று அன்றுதான் புரிந்தது. மறுநாள் முதல் அக்காவை முன்னால் உட்காரவைத்துப் பரிமாறத் தொடங்கினேன். முதலில் அவளுக்குக் கூச்சம்; எனக்கும்தான். கரண்டியைப் பானையின் அடிவரை விட்டுக் கலக்கி எடுத்தபோது, "உனக்கு இருக்காடா?" என்றாள். வெகு நாட்களாக நான் அவளைக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

புண் ஆறிவிட்டது. கால் வீக்கமும் வடிந்தது. சுத்த சைவம் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். முன்போலக் குரல் உயர்வதில்லை.