புளி உலுக்கும் மாதம்

மாசி பிறந்தாயிற்று. கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகும் பக்கம், புளிய மரத்தடியில் தார்ப்பாயும் பழஞ்சேலையும் விரித்திருக்கிறார்கள். போன வைகாசி, ஆனியில் பூத்தது இப்போதுதான் பழமாகி நிற்கிறது. தை தொடங்கிப் பங்குனி வரை இது நடக்கும்.

*

மேலே ஒருவர், கீழே நான்கைந்து பெண்கள். மேலே இருப்பவர் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையைக் காலால் மிதித்து உலுக்குகிறார். எட்டாத நுனிக்கு மட்டும்தான் கம்பு. ஓங்கி அடித்தால் அடுத்த வருஷம் பூக்க வேண்டிய கொழுந்தும் உதிர்ந்துவிடும். பழுத்த காயில் ஓடு சதையை விட்டு விலகியிருக்கும். விரலால் சுண்டினால் 'டொக்' என்று கேட்கும். செங்காய் சத்தம் தராது. பெண்கள் அதைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தனியே ஒதுக்குகிறார்கள், சுண்டிக்கூடப் பார்ப்பதில்லை.

*

சாலையோர மரங்களின் மகசூலை ஏலம் விடுவார்கள். பட்டா நிலத்து மரங்களைக் காய்ப்பைப் பார்த்துக் குத்தகை பேசுவார்கள். ஒரு வருஷம் கொட்டிக் காய்த்த மரம் மறுவருஷம் ஓய்ந்துவிடும். முன்கூட்டியே குத்தகை பேசியிருந்தால் அந்த நஷ்டம் குத்தகைதாரருக்கு. கால் வழுக்கினால் அது ஏறியவருக்கு.

*

பறிப்பு சில நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நீளமான வேலை. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஓடு தட்டி, நாரை உரித்து, சிறு சுத்தியலால் சதையைப் பிளந்து கொட்டையைத் தள்ள வேண்டும். கூலி கிலோ கணக்கு. சதை விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நகக்கண்ணில் சின்ன வெடிப்பு இருந்தாலும் புளிப்பு ஏறிச் சுரீரென்று எரியும். எரிச்சலோடேயே அடுத்ததை எடுக்கிறார்கள். கொட்டையும் வீணில்லை, மாவாக்க ஆலைக்குப் போகிறது. நம் ரசத்துக்குப் பின்னால் இத்தனை விரல்கள் இருப்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளைகள் மரத்தடியில் ஓடுகிறார்கள். தாழ்ந்த கிளையில் தொங்கி ஒரு செங்காயைப் பறித்து, உப்புத் தொட்டுக் கடித்து, கண்ணை இடுக்குகிறார்கள். பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஒரு பழம் கிளையிலிருந்து கைக்கு வருவதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும்.

*

கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் நம்மவர்கள் செப்டம்பரில் குடும்பத்தோடு ஆப்பிள் பறிக்கப் போகிறார்கள். காசு கொடுத்துப் பறிக்கிறார்கள். அதே மாகாணத்துத் தோட்டங்களுக்குப் பருவகாலக் கூலிகளாக 1966 முதல் ஜமைக்காவிலிருந்தும், 1974 முதல் மெக்சிகோவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சீசன் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். பறிப்பது ஒருவருக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவருக்குப் பிழைப்பு. அதில் தவறொன்றும் இல்லை. பிழைப்பாகப் பறிப்பவர் கண்ணில் படாமலே போவதுதான் என்னை உறுத்துகிறது.

*

புளியில் பெரியகுளம் பி.கே.எம். 1 போன்ற ஒட்டுக்கன்றுகள் நாலைந்து வருஷத்திலேயே காய்க்கின்றன. விதைக்கன்றைப் போல அவ்வளவு உயரமும் போவதில்லை. புதிதாக வைக்கிறவர்கள் இதை வைத்தால், ஏறுகிற ஆளுக்கு ஆபத்து குறையும்.

*

புளிக்காலத்தில் இந்தப் பக்கம் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு: குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள். செங்காய் ஒன்றிரண்டு போதும். திரும்பும்போது கொட்டை எடுக்கும் வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்கேயே இரண்டு கிலோ வாங்குங்கள், பேரம் பேசாமல்.