வேற்றுமைக்கு ஓர் அடைமொழி

ஆங்கில நாவல்கள் படிக்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வித்தியாசம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'டிஃபரன்ஸ்' என்ற சொல் பெரும்பாலும் தனியே கிளம்புவதில்லை; அடைமொழி ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகிறது. நூலளவு என்றால் 'ஸ்லைட் டிஃபரன்ஸ்'. மலைக்கும் மடுவுக்கும் உள்ளது என்றால் 'வாஸ்ட் டிஃபரன்ஸ்'. 'பிக்' என்று சொல்லலாம். 'ஹை' என்றால் ஆங்கிலேயர் முகம் சுளிப்பார். இலக்கணத்தில் இதற்கு விடை இல்லை. பழக்கம், அவ்வளவுதான்.

பழக்கத்தால் ஜோடி சேர்ந்த சொற்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. நாம் யோசிக்குமுன் அவை தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. 'சிக்னிஃபிகன்ட் டிஃபரன்ஸ்' என்பதைப் பாருங்கள். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட நூலுக்குப் பின் ஆராய்ச்சியாளர்களிடம் வேரூன்றிய வழக்கு இது. உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தென்படுவது அரிது என்பதே அதன் பொருள். நூற்றுக்கு 5 வாய்ப்புக்கும் கீழே என்பது வழக்கமான கணக்கு. ஒரு மருந்தால் காய்ச்சல் கால் மணி முன்னதாக இறங்கினாலும், ஏராளமான பேரிடம் சோதித்தால் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். படிக்கிற நாமோ பெரிய வித்தியாசம் என்று நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். யாரும் பொய் சொல்லவில்லை!

இதே சொல் பன்மையானால் மனஸ்தாபம் என்றும் பொருள்படும். 'இர்ரெகன்சிலபிள் டிஃபரன்ஸஸ்', அதாவது இனி ஒட்டவே ஒட்டாத பிணக்குகள் என்ற ஜோடியை, கலிஃபோர்னியா 1969-ல் விவாகரத்துச் சட்டத்தில் எழுதியது. 1970 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன் சோரம், கொடுமை என்று ஏதாவது ஒரு குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். பிரிய விரும்பிய இருவரும் பேசிவைத்துக்கொண்டு பொய்ச்சாட்சி சொன்னதும் உண்டு.

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஜோடியின்மேல் கோபம்தான் வரவேண்டும். அடித்தவனும் அடிபட்டவளும் அதற்குள் சரிசமமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். குற்றம் எவர் தலையிலும் விழுவதில்லை. ஆனால், ஊரறியக் காயத்தைக் காட்டினால்தான் விடுதலை என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் கதைக்கு வேண்டுமானால் அந்தக் காயம் தேவைப்படலாம். அவளுடைய மனுவுக்குத் தேவையில்லை. அங்கே மனுப் படிவத்தில் அந்தச் சொற்களுக்கு அருகே ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு குறி போட்டால் போதும்.