கணையாழியும் சமவாழ்வும்



சென்ற பௌர்ணமியன்று பூனா நகரின் வடமேற்கே, மூளா நதிக்கரையிலுள்ள ஔந்தில் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்துப் புறப்படுந் தறுவாயில் இருவர் நம்மை மறித்து நின்றனர். மணம் பேசி முடிக்கப்பட்டவர்கள். பெண், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவரின் இளைய மகள். பிள்ளை, ஹிஞ்சவாடியில் கணினித் தொழில் புரிபவர். நிச்சயதார்த்தத்திற்கு மோதிரம் வாங்குவதில் அவர்களுக்குள் தகராறு. அருகிலிருந்த சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. ஏனெனில் அப்பெண், "ஐயா, இது தீராவிடில் நிச்சயத்தையே நிறுத்திவிடலாமா என்று எண்ணுகிறேன்" என்று கூறினாள்.

பிள்ளை விரும்பியது இரண்டு மாதச் சம்பளத்திற்கு ஒரு வைர மோதிரம். அதுவும் மாதத் தவணையில். பெண் விரும்பியது கல்லில்லாத மெல்லிய பொன் வளையம். மீதிப் பணம் வங்கியில் கிடக்கட்டும் என்பது அவள் கட்சி. காரணங்களை வினவினோம். மூத்தவளின் கலியாணக் கடனைத் தந்தை பல ஆண்டுகள் அடைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவரோ, தாயின் நகைகள் அடகுக் கடையிலேயே கிடந்து கடைசியில் மூழ்கிப்போனதைக் கண்டவர். "எனக்கு வாழ்க்கைப்படுபவள் வெறும் விரலுடன் நிற்கலாகாது" என்றார். ஒரே வறுமை ஒருவரைக் கை நீட்டவும் மற்றவரைக் கை மூடவும் செய்திருக்கின்றது. ஆகவே எவரையும் ஊதாரியென்றோ கருமியென்றோ வைவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினோம். மோதிரம் மாற்றிக்கொள்ளுதல் நம் முன்னோர் வழக்கமன்று. தமிழகத்தில் வெற்றிலை பாக்கு மாற்றினால் நிச்சயம். மராட்டியர் அச்சடங்கைச் சாகர்புடா என்பர். சர்க்கரைப் பொட்டலம் என்பது அதன் பொருள். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 டிசம்பரில், தாம் மறைவதற்குச் சில நாள் முன்பு எழுதிய கடிதமொன்றில், பௌத்தத் திருமணத்திற்கு வேள்வித் தீயும் ஏழடியும் வேண்டுவதில்லை என்றும், மணமக்களிடையே நீர் நிறைந்த புதிய மட்குடமும், அவர்கள் பற்றிக்கொள்ளும் நூலும், வெள்ளாடையும், மங்கல சூத்திரமும் போதுமென்றும் விளக்கியுள்ளார். அக்குடத்தருகே மோதிரத்திற்கென ஓரிடமும் குறிக்கப்படவில்லை.

இரண்டு மாதச் சம்பளம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பிள்ளையைக் கேட்டோம். "உலக வழக்கம்" என்றார். உலக வழக்கமன்று, விற்பனை வழக்கம். டி பீர்ஸ் என்னும் வைர வணிக நிறுவனம் 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் விளம்பரத் தரகர்களை அமர்த்திற்று. வைரம் என்றும் நிலைப்பது என்ற பொருளுடைய அவர்களது முழக்கம் 1947-இல் பிறந்தது. மாதச் சம்பளத்தைக் கொண்டு அன்பை அளக்கும் அளவுகோலும் அவ்விளம்பரங்களின் வழியே பரவி, 1980-களில் இரண்டு மாதமாக வளர்ந்தது. கொள்பவனுக்கு அளவு வகுத்தவன் விற்பவன்! பிள்ளையின் முகம் சற்றே வாடிற்று.

பெண்ணின் முகம் மலர்ந்தது. ஆனால் அம்மலர்ச்சியும் நெடுநேரம் நில்லாதபடி செய்யவேண்டியதாயிற்று. பகவன் சிகாலனுக்கு இல்லறநெறி உரைத்தபோது, கணவன் மனைவிக்குச் செய்யத்தக்க கடமைகள் ஐந்தனுள் அணிகலன் அளித்தலையும் ஒன்றாக வைத்துள்ளார். அணிகலனை விலக்குவது உபோசத நாளில் ஏற்கும் எட்டுச் சீலங்களில் வருவது. அன்றாடப் பஞ்சசீலத்தில் இல்லை. 1927-இல் மஹாட் மாநாட்டில் கூடிய பெண்களிடம் பாபாசாகேப், தீண்டாமையின் அடையாளமாய்க் கழுத்திலும் கையிலும் சுமத்தப்பட்டிருந்த அணிகளைக் களைந்தெறியுமாறு கூறினார்; அணிவதாயின் பொன்னை அணியுங்கள், இயலாவிடில் அணியாதிருங்கள் என்பதே அவர் உரையின் கருத்து. வெறும் விரல் என்று பிள்ளை சொன்ன சொல்லுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கின்றது. நூறாண்டுக்கு முன் நம் பாட்டிமார் எதை அணியலாம் என்பதைப் பிறர் அன்றோ தீர்மானித்தனர்?

இனி நாம் அவர்களுக்கு விரித்துரைத்தது இரண்டு சூத்திரங்கள்.

கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்ற இல்லறத்தான் பகவனை அணுகி, தாங்கள் மனைவி மக்களுடன் வாழ்பவர், சந்தனம் பூசுபவர், பொன்னும் வெள்ளியும் கொள்பவர், தங்களுக்கேற்ற தருமத்தை உரைத்தருள வேண்டும் என்று வேண்டினான். பொன்னை எறிந்துவிட்டு வா என்று பகவன் கூறவில்லை. முயற்சி, காப்பு, நற்கூட்டு, சமவாழ்வு என நான்கைக் காட்டியருளினார். சமவாழ்வுக்குப் பாலியில் சமஜீவிதா என்று பெயர். துலாக்கோல் பிடிப்பவன் இவ்வளவு தாழ்ந்தது, இவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல, வரவையும் செலவையும் அறிந்து வாழ்தல் அது. வரவு சிறுத்தும் செலவைப் பெருக்குபவனை, அத்திப்பழம் தின்பவனைப் போல் உண்கிறான் என்று உலகம் ஏசும். உண்ணும் சில பழங்களுக்காக மரத்தையே உலுக்கி எல்லாவற்றையும் உதிர்த்துப் பாழாக்குபவன் அவன் என்பர் உரைகாரர். வரவு பெருத்தும் உண்ணாது ஒடுங்குபவனை, பட்டினி கிடந்து சாவான் என்று ஏசும். ஏச்சு இரு பக்கத்திற்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

மற்றது நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியர் கேட்டது. இப்பிறவியில் போலவே மறுமையிலும் ஒருவரையொருவர் காண வழி யாதென்று அவர்கள் வினவ, நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு ஆகிய நான்கிலும் இருவரும் சமமாயிருத்தல் வேண்டும் என்று பகவன் விடையளித்தார். அந்தச் சூத்திரத்தின் பெயர் சமஜீவி. கணக்குப் புத்தகத்திற்கும் தாம்பத்தியத்திற்கும் ஒரே சொல்! வருவாய் சமமாயிருக்கவேண்டும் என்றோ, இருவரும் ஒரே கையால் செலவிடவேண்டும் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. ஈகை சமமாயிருக்கவேண்டும், அறிவு சமமாயிருக்கவேண்டும். எனவே எந்த மோதிரம் என்று கேட்பதற்கு முன், ஒருவர் நிலையை மற்றவர் அறிவாரா என்று கேட்டோம்.

இருவரும் தத்தம் வரவு, கடன், சேமிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுமாறு சொன்னோம். வெகுநேரம் எழுதுகோல் அசையவில்லை. பிள்ளைக்கு வாகனக் கடன் இருப்பது அவளுக்குத் தெரியும். கடனட்டை பாக்கி இருப்பது தெரியாது. அவளிடமோ ஒரு வைப்புத்தொகை இருந்தது. மணத்திற்குப் பின்னும் அதை அவரிடம் கூறுவதில்லை என்று அவள் உறுதி கொண்டிருந்தாளாம். தகராறு மோதிரத்தில் இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே விளங்கிற்று. 1942-இல் நாகபுரியில் நடந்த பெண்கள் மாநாட்டில் பாபாசாகேப், மனைவி கணவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்கவேண்டும், அடிமையாக அன்று என்று உரைத்தார். கணக்கு மறைக்கப்பட்ட இடத்தில் நிகர் எவ்வாறு நிற்கும்? அநாதபிண்டிகருக்குக் கூறிய நான்கு இன்பங்களுள் கடனின்மையும் ஒன்று. பிள்ளை அவ்வரியை இருமுறை கேட்டு எழுதிக்கொண்டார்.

பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பங்கைத் துய்த்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, ஒரு பங்கை ஆபத்துக்கு வைக்குமாறு சிகாலனுக்கு உரைக்கப்பட்டது. மோதிரம் துய்க்கும் பங்கிலிருந்து வரவேண்டியது. ஆபத்துப் பங்கைத் தொடலாகாது. தவணையோ இன்னும் ஈட்டாத பொருளைத் தொடுகிறது.

கடைக்குச் செல்வார்க்குச் சில உலகியற் குறிப்புகளையும் சொல்லியனுப்பினோம். தருமம் பேசுவோர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் முணுமுணுக்கக்கூடும், முணுமுணுக்கட்டும். ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க அடையாளக் குறியும் உடன் இருத்தல் வேண்டும். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18 காரட். கல்லின் எடை நீக்கிய பொன்னின் நிகர எடையைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கவேண்டும். செய்கூலி கடைக்குக் கடை மாறும். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் வைரமும் வைரமே, விலை மிகக் குறைவு. ஆனால் திருப்பி விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. (1963-இல் பொன் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யலாகாது என்றிருந்தது. அன்று மணம் புரிந்தோர் அம்மோதிரங்களுடனும் நன்றாகவே வாழ்ந்தனர்.)

அடுத்த வாரம் இருவரும் லட்சுமி சாலைக்குச் சென்று, மூன்று கிராமுக்கு உட்பட்ட 916 வளையங்கள் இரண்டை வாங்கி, ரொக்கமாகவே பணம் கொடுத்தனர். கல் பதித்த மோதிரம் கடனட்டை பாக்கி தீர்ந்தபின் என்று பிள்ளை சொல்ல, அவளும் மறுக்கவில்லை. பாக்கியைப் பற்றி மாமனாரிடம் தாமே சென்று சொல்லியும் விட்டார். பெண் தன் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை எடுத்து, வருங்கால மாமியாருக்கு ஒரு மோதிரம் வாங்கினாள் என்று பின்னர் அறிந்தோம். அதை நாம் அவளுக்குச் சொல்லவில்லை.

நிச்சயம், வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறன்று ஔந்தில் அதே இல்லத்தில் நடைபெறும். அன்று காலையில் இரு வீட்டாரும், 1954 டிசம்பர் 25-இல் பாபாசாகேப் புத்தர் திருவுருவை நிறுவிய தேஹு ரோடு விகாரைக்குச் சென்று வணங்கித் திரும்புவர். அன்பர்கள் சர்க்கரைப் பொட்டலம் எதுவும் கொண்டுவர வேண்டுவதில்லை. வெற்றிலை பாக்கு வீட்டாரே வைத்திருப்பர்.