பெயர் சொல்லப்படாத நோயாளி

  



நமது தலைக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தில், ஒரு நோயாளி இருந்தார். தாம் நோயாளி என்பதே அவருக்குத் தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மேலே போய் இரண்டு மாதம் அளவில், எடையற்ற நிலையில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆய்வுக்காகக் கழுத்தை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இடது பக்கத்துப் பெரிய நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்து கிடந்தது. அந்த ஆய்வில் 11 பேரைப் பார்த்ததில், 6 பேருக்கு அந்த நாளத்தில் இரத்தம் தேங்கியோ திரும்பியோ ஓடியது. நாம் நிற்கும்போது தலையிலிருந்து இரத்தத்தை இறக்கி விடுவதற்கு அல்லாஹ் பூமியின் ஈர்ப்பை வைத்திருக்கிறான். அந்த நிஃமத்தை நாம் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நிலையத்தில் இருந்ததோ ஓரளவு ஊசி மருந்து மட்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இரத்த நோய் நிபுணர் ஸ்டீபன் மோல் என்பவரிடம் ஆலோசனை கேட்டார்கள். இருக்கிற மருந்தை எப்படி அளந்து கொடுத்தால் அடுத்த சரக்குக் கப்பல் வரும்வரை தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பிறகு மாத்திரை வந்து சேர்ந்தது. கீழேயிருந்து வைத்தியர்கள் வழிகாட்ட, அந்த நோயாளியே தமது கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டார். 90 நாளுக்கு மேல் சிகிச்சை. கடைசியில் அவர் நலமாகப் பூமிக்குத் திரும்பினார்.

2020 ஜனவரியில் உலகத்தின் பெரிய வைத்திய சஞ்சிகை ஒன்றில் இந்தச் சம்பவம் முழுக்க வெளிவந்தது. எந்த நாளம், எந்த மருந்து, எத்தனை நாள், எல்லாம் இருந்தது. நோயாளியின் பெயர் மட்டும் இல்லை. ஆணா பெண்ணா என்றுகூட எழுதவில்லை.

சகோதரர்களே, இன்றைய குத்பாவில் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்பும் இடம் இதுதான்.

விண்வெளி வீரர்களின் பேச்சை உலகமே கேட்கிறது. அவர்கள் சாப்பிடுவதையும் மிதப்பதையும் சின்னப் பிள்ளைகள்கூட போனில் பார்க்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரும் தமது வைத்தியருடன் தனியாகப் பேசுவதற்கென்று மூடிய இணைப்பு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதை வேறு எவரும் கேட்க முடியாது. சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லையென்றால் மனிதன் தன் வருத்தத்தை மறைப்பான். மறைத்தால் மேலே உயிரே போகக்கூடும். இதை விண்வெளித் துறையினர் நன்றாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

சபையில் கேட்டது அமானத் என்றும், அடியானின் குறையை மறைப்பவனின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்றும் மதரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க நம் ஊர்களின் நிலை என்ன? காலையில் ஒரு பெண் மார்பில் கட்டி என்று கிளினிக்குப் போனால், அஸருக்கு முன்னரே தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற உம்மா, “இப்ப வெளியில தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வாங்க” என்று வாய் மூடிக்கொள்கிறாள். கயரோகம் என்றால் குடும்பத்தையே ஒதுக்கிப் பார்க்கிறோம். மன அழுத்தம் என்றால் பைத்தியம் என்கிறோம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்க, தெரிந்த முகம் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் வருத்தத்தோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒட்சிசன் குழாயோடு மயங்கிக் கிடக்கிற வாப்பாவின் படத்தைப் போட்டு, கீழே ரிப்போட்டையும் போட்டு, துஆச் செய்யுங்கள் என்று எழுதுகிறோம். துஆக் கேட்பது நல்ல காரியம். அதற்குப் படம் எதற்கு? பெயர் சொல்லாமல் கேட்கிற துஆவும் அல்லாஹ்விடம் போய்ச் சேரும்.

இப்போது நமது வாலிபர்கள் இன்னொரு வழியைக் கண்டிருக்கிறார்கள். உம்மாவிடம் சொல்ல வெட்கப்படுவதைப் போனிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் எழுதிக் கேட்கிறார்கள். அவர்களை நான் ஏசமாட்டேன். மனிதரின் நாவுக்குப் பயந்துதான் இயந்திரத்திடம் போகிறார்கள். ஆனால் அந்த இயந்திரத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். இனிச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகப்போகிறவர்களுக்குப் பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. அதற்காக நாசாவும் கூகுளும் சேர்ந்து, அங்கேயே நோயைக் கணித்துச் சொல்லும் ஒரு கணினி உதவியாளரைச் செய்து பார்க்கின்றன. 2025இல் அதைச் சோதித்தபோது, கணுக்கால் காயத்தில் 88 வீதமும், காது வலியில் 80 வீதமும், விலாப்புற வலியில் 74 வீதமும் அதன் கணிப்பு சரியாக இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். அத்தனை பணமும் அறிவும் போட்டுச் செய்த கருவியே, விலாவில் வலி என்று வந்தால் நூறுக்கு இருபத்தாறு தவறக்கூடும். இதை மதிப்பிட்டவர்களும் வைத்தியர்கள்தாம். போன் சொன்னதைக் கேளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வயிற்றை அழுத்திப் பார்க்க அதற்குக் கையில்லை. தவறாகச் சொன்னால் நாளை அல்லாஹ்வின் முன்னிலையில் அதற்குக் கேள்வி கணக்கும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் உண்டு.

  

இந்த ஜமாஅத்தில் வைத்தியர்கள் இருக்கிறீர்கள், தாதியர் இருக்கிறீர்கள், இரத்தம் சோதிக்கிற லேப்பில் வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு ரிப்போட்டும் அமானத். கடைத் தெருவில் அதைப் பேசினால், அடுத்த நோயாளி வைத்தியரிடம் போகும் பாதையை நீங்கள் அடைக்கிறீர்கள். அது சிறு பாவமென்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வலி இல்லாத நோயும் உண்டு என்பதை அந்தக் கழுத்து நாளம் காட்டிவிட்டது. சீனியும் பிரஷரும் அப்படித்தான். கண்ணையும் சிறுநீரகத்தையும் தின்ற பிறகே சத்தம் போடும். 35 வயது கடந்த எவரும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் காசில்லாமல் பரிசோதித்துக்கொள்ளலாம். பெண்களுக்கெனத் தனிக் கிளினிக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கிறது. ஜும்ஆ முடிந்து வீடு போனதும் மனைவியிடம், உம்மாவிடம், ராத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். வரும் வாரமே அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே பக்கத்து வீட்டாரைக் கண்டால் ஸலாம் சொல்லுங்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்காதீர்கள், கண்டதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள்.