உன் கையில் பதினைந்து மாதம்

ஏப்ரல் பிறந்தால் போதும். ஃப்ரீமாண்ட், சன்னிவேல், கூப்பர்ட்டினோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் சித்திரைக் கொண்டாட்டமும் கல்லூரி முடிவுகளும் ஒன்றாக வந்து சேரும். வடைத் தட்டை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும்: "பையன் எங்க போறான்?" பெர்க்லி என்றால் பதில் கூடம் முழுக்கக் கேட்கும். "கம்யூனிட்டி காலேஜ்" என்று சொல்ல வேண்டி வந்தால் மட்டும் அம்மாவின் குரல் தணிகிறது. "இப்போதைக்கு" என்று ஒரு சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை தரையைப் பார்க்கிறான்.

தம்பி, தங்கச்சி, தலையை நிமிர்த்து. நீ நிற்கும் இடம் கொல்லைப்புறம் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டுக் கட்டிய தலைவாசல் அது.

1960-இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. ஆளுநர் பேட் பிரவுன் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார். யூ.சி. என்கிற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினரை எடுக்கட்டும், மாநிலக் கல்லூரிகள் (இன்றைய மாநிலப் பல்கலைக்கழகம்) முதல் மூன்றில் ஒரு பங்கினரை எடுக்கட்டும், கம்யூனிட்டி காலேஜ் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும் என்றது அந்தத் திட்டம். அதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகங்களில் கீழ் இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு 40 பேர் இருந்தால் மேல் இரண்டு ஆண்டுகளில் 60 பேர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. அந்த வித்தியாசம் யாருக்கு? நடுவழியில் வந்து சேர்பவருக்கு. நீ பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூன்றாம் ஆண்டு வகுப்பில் உனக்கு நாற்காலி போட்டு வைத்துவிட்டார்கள்! அதில் உட்காரப் போகிறவன் எதற்குத் தரையைப் பார்க்க வேண்டும்?

கம்யூனிட்டி காலேஜ் வழியாக மேலே போனவர்களைப் பார். நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் பிறந்த ஐலீன் காலின்ஸ் பக்கத்து ஊரான கார்னிங்கின் கம்யூனிட்டி காலேஜில் 1976-இல் இரண்டாண்டுப் பட்டம் பெற்றார். 1978-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பட்டம். 1999-இல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். பள்ளியில் மதிப்பெண் சரியில்லாத கிரேக் வென்டர், வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியதும் காலேஜ் ஆஃப் சான் மடேயோவில் சேர்ந்தார். அங்கிருந்து யூ.சி. சான் டியாகோ. 1972-இல் இளங்கலை, 1975-இல் முனைவர் பட்டம். மனித மரபணுத் தொகுதியைப் படித்துக் காட்டியவர்களின் முன்வரிசையில் பிறகு அவர் பெயர் நின்றது. இவர்களுடைய பட்டத்தில் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று யாரும் குறித்துவைக்கவில்லை. உன் பட்டத்திலும் குறிக்கப்போவதில்லை.

இதைச் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டால் நான் உனக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். வாசல் திறந்திருக்கிறது என்பதாலேயே உள்ளே போனவர்கள் எல்லாரும் மறுபக்கம் வந்துவிடவில்லை. நல்ல மூளையோடு நுழைந்து, நான்கு வருஷம், ஐந்து வருஷம் என்று அங்கேயே சுற்றிக் களைத்துப் போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் உழைப்பு இருந்தது. கையில் திட்டம் இல்லை.

முதலில் உன் காலக்கணக்கைச் சரிசெய். "இரண்டு வருஷம் இருக்கே" என்கிறாய். எங்கே இருக்கிறது? ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. யூ.சி.க்கு விண்ணப்பத்தை அனுப்பும் வாசல் மறு ஆண்டு அக்டோபரில் திறந்து நவம்பர் முடிவை ஒட்டி மூடிவிடும். பதினைந்து மாதம்! அன்றைக்கு உன் கையில் இருக்கப்போகும் மதிப்பெண் எத்தனை? முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர், அதன் பின் ஒரு கோடை. அவ்வளவுதான். மூன்றாம் செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். அதன் மதிப்பெண்ணை ஜனவரி 31-க்குள் தனியாக ஏற்ற வேண்டும். நான்காவது செமஸ்டர் வெறும் திட்டமாக விண்ணப்பத்தில் உட்கார்ந்திருக்கும். முதல் செமஸ்டரில் பழகிக்கொள்ளலாம், இரண்டாம் ஆண்டில் பாய்ந்துவிடலாம் என்று இருப்பவன், ஓட்டப்பந்தயம் முடிந்தபின் காலணிக் கயிறு கட்டுகிறான். நீ வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே பாய வேண்டும்.

பாய்வதற்கு முன் எங்கே என்று தெரிய வேண்டாமா? இங்கேதான் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இந்தக் காலேஜில் என்ன வகுப்பு கிடைக்கிறது என்று பார்த்து எடுக்கிறார்கள். நீ போய்ச் சேரவேண்டிய வளாகத்திலிருந்து பின்னோக்கி வா. "அசிஸ்ட்" என்று ஓர் இணையதளம், மாநிலத்தின் அதிகாரபூர்வமான தளம், காசில்லை. உன் காலேஜின் பெயரைப் போடு, போகவேண்டிய பல்கலைக்கழகத்தைப் போடு, படிப்பைப் போடு. இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக உன் காலேஜ் தரும் பாடம். வரி வரியாக வரும். "மற்றும்" எங்கே, "அல்லது" எங்கே என்று விரல் வைத்துப் படி. ஈடான பாடம் இல்லை என்று ஓர் இடத்தில் வந்தால் மனம் தளராதே, பக்கத்து ஊர் காலேஜில் அது இருக்கலாம். மூன்று வளாகங்களுக்கு மூன்று தாள் அச்செடு, எந்தக் கல்வியாண்டுக்கான ஒப்பந்தம் என்று மேலே எழுதிவை. பிறகு நாலு கட்டம் போட்டு நாலு செமஸ்டரை நிரப்பு. தன்னம்பிக்கை என்று மேடையில் கை உயர்த்திப் பேசுகிறோமே, அதை நான் அந்தத் தாளில்தான் பார்க்கிறேன். எதை, எப்போது, எதற்காகப் படிக்கிறேன் என்று தெரிந்தவனை யாரும் பயமுறுத்த முடியாது.

அந்தத் தாள் இல்லாமல் நான் தொலைத்தது ஒரு வருஷம். பகலில் மளிகைக் கடையில் வேலை, மாலையில் வகுப்பு. நேரம் ஒத்துவந்தது என்று கால்குலஸ் இல்லாத இயற்பியலை எடுத்தேன். இரண்டு செமஸ்டரும் 'ஏ'. பெருமையோடு கொண்டுபோனேன். இயந்திரவியலுக்கு அது செல்லாது, கால்குலஸோடு கூடிய மூன்று பாக இயற்பியல் வேண்டும் என்றார்கள். மறுபடி முதலிலிருந்து! அந்த இரவு பேருந்து நிறுத்தத்தில் நான் உட்கார்ந்திருந்ததைப் போல நீ உட்காரக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை சத்தமாகச் சொல்கிறேன்.

பொறியியல், இயற்பியல், கணினி என்று போகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். உங்கள் பாடங்கள் சங்கிலி. முதல் கால்குலஸ் முடிந்தால்தான் இயற்பியலின் முதல் பாகம். அது முடிந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. முதல் செமஸ்டரில் கால்குலஸைத் தொட்டால் இயற்பியலின் மூன்று பாகமும் இரண்டாம், மூன்றாம், நான்காம் செமஸ்டர் என்று சரியாக நாலாவதில் முடியும். அதை ஒரே ஒரு செமஸ்டர் தள்ளிப்போடு, இயற்பியல் ஐந்தாவதுக்குத் தாவிவிடும். பல்கலைக்கழகச் சேர்க்கையோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் பருவத்தில். ஒரு செமஸ்டர் தயக்கத்துக்கு ஒரு வருஷ விலை! கால்குலஸுக்கு இன்னும் தயார் இல்லையென்றால் சேர்வதற்கு முந்தைய கோடையிலேயே முன்கணிதத்தை முடித்துவிட்டு வா. டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் முறைக் காலேஜில் பாதிச் சங்கிலி, செமஸ்டர் காலேஜில் மீதி என்று அறுத்துவிடாதே. ஒரு வரிசையைத் தொடங்கிய இடத்திலேயே முடி.

"எனக்குக் கணக்கு வராது சார்" என்று ஒரு குரல் கேட்கிறது. உன்னைப் போன்றவர்களை ஒரு தேர்வு வைத்துக் கீழ்நிலைக் கணக்கில் தள்ளி, அங்கேயே வருஷக்கணக்கில் மடக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. 2017-இல் வந்த ஒரு சட்டம் அந்தக் கதவை உடைத்தது. இன்று நேராகப் பல்கலைக்கழகத் தரத்துப் பாடத்திலேயே உட்காரலாம். கூடவே கைதாங்க உதவி வகுப்பு உண்டு, டியூட்டர் உண்டு. சட்டமே உன்னால் முடியும் என்று நம்புகிறது. உனக்கு மட்டும் ஏன் சந்தேகம்?

யூ.சி.க்குக் குறைந்தது 60 செமஸ்டர் யூனிட் வேண்டும், குவார்ட்டர் கணக்கில் 90. அதற்குள் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டும், கணிதம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். மாநிலவாசிக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 2.4 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதே. அது உள்ளே வரத் தடையில்லாத அளவு மட்டுமே, போட்டி நடப்பது அதற்கு மேலே வெகு தூரத்தில். பொதுப்பாடங்களுக்கு 2025 இலையுதிர் பருவத்திலிருந்து யூ.சி.க்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து கால்-கெட்ஸி என்று ஒரே பட்டியல், 34 யூனிட். வரலாறு, உளவியல் என்று போகிறவர்கள் அதை முழுக்க முடித்துவிடுங்கள். பொறியியல்காரர்கள் முதலில் துறைப்பாடங்களைப் பிடியுங்கள். அங்கே இடம் கிடைப்பதைத் தீர்மானிப்பது அவைதான்.

உறுதிமொழி எழுதித் தருகிறேன் என்று பல்கலைக்கழகமே கை நீட்டுவதை அறிவாயா? டேக் என்பார்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றைத் தேர்ந்து, சொன்ன பாடத்தைச் சொன்ன மதிப்பெண்ணில் முடித்தால் இடம் உறுதி. செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும் அந்த விண்ணப்பம். அக்டோபர் 1 அன்று நீ கதறினாலும் திறக்காது. சில வளாகங்களில் கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்கு இது கிடையாது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவை. டேக் போட்டுவிட்டு பெர்க்லிக்கும் யூ.சி.எல்.ஏ.வுக்கும் விண்ணப்பிக்க யாரும் உன்னைத் தடுக்கவில்லை. தரையை உறுதிசெய்துகொண்டு வானத்துக்குத் தாவு! மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த டிரான்ஸ்ஃபர் பட்டம் இருக்கிறது. அதை முடித்தவருக்கு அந்த அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம்.

கவுன்சலர் அறைக்குப் போகக் கூச்சப்படாதே. வெறுங்கையோடும் போகாதே. "என்ன எடுக்கலாம்?" என்று கேட்பவனுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். நாலு கட்டம் நிரப்பிய தாளை மேசையில் வைத்து, "இதில் எங்கே தப்பு?" என்று கேள். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்காருவார். மறு செமஸ்டரும் போ. வேறொரு கவுன்சலரிடமும் காட்டு. ஏதாவது பாடத்தை நடுவில் விட நினைத்தாலும், விடுவதற்கு முன்பே போ. விட்டதற்கு விழும் ஒரு 'டபிள்யூ' உலகத்தை முடித்துவிடாது. ஆனால் அது சங்கிலியின் எந்தக் கண்ணியை உடைக்கிறது என்று தெரியாமல் விடுவது உன்னை முடக்கிவிடும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். அறுபது யூனிட்டுக்கு 2,760. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வயதில் வீட்டுக் கடனின் பாரத்தை உங்கள் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கி வைக்கிற பிள்ளையைப் பற்றி எதற்காகக் குரலைத் தாழ்த்துகிறீர்கள்? அடுத்த விருந்தில் காலேஜின் பெயரைக் கூடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான்.

நீ இப்போது செய்யவேண்டியது பேச்சைக் கேட்பதல்ல. மடிக்கணினியைத் திற. உன் படிப்பு, மூன்று வளாகம், மூன்று தாள். நள்ளிரவுக்குள் நாலு கட்டமும் நிரம்ப வேண்டும், அழித்து அழித்து எழுதினாலும் சரி. நாளைக் காலை கவுன்சலரிடம் நேரம் வாங்கு. பதிவு எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உனக்குத் திறக்கிறது என்று பார்த்து அலாரம் வை. கால்குலஸ் வகுப்பின் கடைசி இருக்கை இன்னொருவர் பெயருக்குப் போவதற்கு முன் உன் விரல் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.